போகியன்று போட்ட இலை

என் அண்ணனுக்கு ஆசை பெரிது. மலாக்கா டவுனில் ஐஸ் பேக்டரியில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, ஐஸ் தானாகவே கடலில் விளைந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு கிறுக்கு. எங்கிருந்தோ ஒரு பழைய படப் பத்திரிகையைக் கொண்டுவந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வான். அதில் வீடு உயரத்துக்கு ஐஸ் மலைகள்.

"இங்க நாள் பூரா எஞ்சின ஓட்டி நாலு கட்டி எடுக்கறோம். அங்க பாருமா, சாமி சும்மா கொட்டி வச்சிருக்காரு. நம்ம ஆளுல எவனாச்சும் போய்ப் பாத்திருக்கானா?"

"எவனும் போகலன்னா ஏன் போகலன்னு யோசிக்கணும்டா," என்பாள் அம்மா. "சோத்தத் தின்னு."

அம்மாவுக்குப் பயணம் என்ற சொல்லே ஆகாது. காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது நான் கைக்குழந்தை. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள், அப்பா வரவில்லை. செத்தார் என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் விடவில்லை. எத்தனை நாள்தான் காத்திருப்பாய், ஆத்மா பட்டினியாக அலையும், இலை போட்டுப் படைத்துவிடு என்று நச்சரித்தார்கள். அம்மா படைத்தாள். அந்த இலையைப் போட்டதால்தான் அவர் வராமல் போனார் என்பது அவள் கணக்கு. "நான்தான் சோத்தப் போட்டு அனுப்பி வச்சிட்டேன்," என்பாள்.  நாங்கள் பேச்சை மாற்றுவோம்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டி, ஒரு செட்டி வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து தமிழை மறந்துவிட்ட செட்டிகள் அவர்கள். வீட்டுக்காரம்மா விதவை. நெற்றியில் திருநீறு இருக்கும், இடுப்பில் சாரோங் இருக்கும், வாயைத் திறந்தால் மலாய். சாமி பெயரும் சில சாப்பாட்டுப் பெயரும் தவிரத் தமிழ் வராது. நான் அவரை மலாயில் மக்சிக், அத்தை என்று கூப்பிடுவேன். எங்களுக்கும் அவர்களுக்கும் அடுப்படி ஒன்றுதான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தூளில் சுற்றி ஐஸ் கொண்டு வருவான். அந்த அம்மா அதைச் சீவி, சிவப்பு சிரப் ஊற்றி, அவனுக்குத்தான் முதல் கிளாஸைக் கொடுப்பார். பெற்ற மகனுக்கு இரண்டாவது கிளாஸ்தான். அந்த மகன் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் கிராணியாக, குமாஸ்தாவாக இருந்தார்.

மெர்டேக்காவுக்கு ஊரே தோரணம் கட்டி முடித்து, அந்தத் தோரணம் வெயிலில் வெளுக்க ஆரம்பித்தபோது அண்ணன் கிளம்பிவிட்டான். "நாடே விடுதலையாயிருச்சு, நான் மட்டும் பேக்டரிக்குள்ள கெடக்கணுமா?" என்று கேட்டான். அம்மா பஸ் ஸ்டாண்டு வரை அழாமல் வந்து, பஸ் திரும்பியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம். ஆம்பிளைக்கு ஆசை வந்தால் பஸ் ஏறிவிடுகிறான். பயத்தைக் கட்டிக்கொண்டு அழ வீட்டில் இரண்டு பொம்பிளைகள்!

காயிதம் எல்லாம் என் பெயருக்குத்தான் வந்தது, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதலாவது சிங்கப்பூரிலிருந்து வந்தது. கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலை, சாப்பாடு மோசம், மற்றபடி சுகம். அடுத்தது ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து.  அங்கே கப்பல் மாறிவிட்டானாம். திமிங்கிலம் பிடிக்கிற கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் கப்பல். தெற்கே, ஐஸ் கடலுக்குள். "எஞ்சின் ரூமில் நம்ம மலாயாப் பையன் ஒருத்தன் கூட இருக்கான். தமிழ் பேச ஆள் இருக்கு, கவலை இல்லை. நான் திரும்பி வரும்போது எஞ்சினியர் என்றுதான் கூப்பிடணும். இனிமேல் கொஞ்ச நாளைக்குக் காயிதம் வராது. பயப்படாதே," என்று முடித்திருந்தான்.

பயப்படாதே என்று ஒருவன் எழுதினால் பயம் வராமல் வேறு என்ன வரும்? பதில் எழுதித் திட்டலாம் என்றால் விலாசமும் இல்லை. அம்மா காயிதத்தை வாங்கி, முந்தானையில் துடைத்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "ஐஸுக்குள்ள கப்பலு எப்படிடி போகும்?" என்றாள். தெரியாது என்றேன். "ஐஸு மூடிக்கிட்டா?" என்றாள். சும்மா இரும்மா என்று கத்தினேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தார். பழங்காலத்துக் கதை, பயங்கரக் கதை என்று பெயர் பெற்றது. அதன் ஆரம்பம் சில கடிதங்கள். கடிதம் எழுதுவது எப்படி என்று நாங்கள் கற்றுக்கொள்வதற்காக அதை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எழுந்து நின்றேன். ஒருவன் தன் அக்காளுக்கு எழுதுகிறான். யாருமே கால் வைக்காத வடகடலுக்குப் போகிறான். பெரிய பெயர் எடுக்கப் போகிறான். துணைக்கு மனசொத்த சிநேகிதன் இல்லை என்று புலம்புகிறான். நீ கவலைப்படாதே என்கிறான். போகப் போகக் கடல் உறைகிறது, நாலு பக்கமும் ஐஸ் கப்பலைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. தூரத்தில் அந்த ஐஸ்மேல் மனுஷனைவிடப் பெரிதாக ஒரு உருவம் போகிறது.

வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.  சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காயிதத்தை யாரோ எடுத்து வந்து அச்சுப் போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. என்ன ஆயிற்று என்று டீச்சர் கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்.

"டீச்சர், அந்த அக்கா என்ன பதில் எழுதினாங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அது கதையில் வராது என்றார்.

ஏன் வராது? அவன் கப்பலில் நின்று அலையைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டிருப்பான். இங்கே ஒருத்தி தபால்காரன் மணிச்சத்தம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அவளைப் பற்றி ஒரு வரி எழுத மையில்லையா? இதையெல்லாம் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலம் வரவில்லை. புத்தகத்தை மூடி டீச்சர் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பின் ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்தக் கப்பல் ஐஸிலிருந்து மீண்டதா இல்லையா என்று எனக்குத் தெரியக் கூடாது. மீளவில்லை என்று எழுதியிருந்தால் என் அண்ணன் கதையும் முடிந்தது என்று ஒரு பயம். முழுப் புத்தகத்தையும் படித்த ஒரு தோழி, கடைசியில் என்ன ஆகுது தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையைக் கடித்துவிட்டாள். பொத்திய கையை நான் எடுக்கவில்லை.

தீபாவளி போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று. காயிதம் வரவில்லை. வராது என்றுதானே எழுதியிருந்தான் என்று அம்மாவுக்குச் சொல்லுவேன். சொல்லிவிட்டு நானே கிணற்றடியில் போய் நின்று நடுங்குவேன்.

போகி வந்தது. கம்போங் செட்டிக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் பார்ச்சு. செத்துப்போன தங்கள் ஆட்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டிவிட்டு, உயிரோடு இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். செத்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் அந்தச் சோற்றைத் தொடலாம். வருஷா வருஷம் அம்மாதான் தேங்காய் துருவிக் கொடுப்பாள். அந்த வருஷம் வீட்டுக்காரம்மா வேண்டாம் என்றுவிட்டார். அம்மா முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவருடைய மகனும் சில நாளாக எங்களைக் கண்டால் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டிருந்தார்.

"நம்ம மேல என்னடி கோவம் இவங்களுக்கு?" என்றாள் அம்மா.

சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. முன்வாசலில் அவர்கள் வீட்டு ஆட்கள் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே படையல். நான் உலையில் அரிசி போட அடுப்படிக்குப் போனேன். நடுவீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன்.

வரிசையாக இலைகள், சோறு, மீன், பலகாரம். ஒரு இலைக்கு ஒரு சுருட்டு, இன்னொன்றுக்கு வெற்றிலை. கடைசியாக, சற்றுத் தள்ளி ஒரு புது இலை. அதன் பக்கத்தில் ஒரு கிளாஸ். சீவின ஐஸ், அதன்மேல் சிவப்பு சிரப்.

அந்த வீட்டில் ஐஸ் சிரப்பின் முதல் கிளாஸ் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.   அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. என் தோளுக்கு மேலாக அவளும் பார்த்துவிட்டாள்.

அவள் அழுவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

ஐயோ, அந்தச் சாப்பாட்டைப் பார்த்தபோது வந்த பயம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. படைத்த சோறு! செத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பந்தி! "அம்மா, வேணாம்மா, எழுந்திரும்மா," என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மற்றக் கையால் அள்ளினாள். மீன் முள்ளோடு வாய்க்குள் போயிற்று. ஐஸ் கிளாஸைத் தூக்கிக் குடித்தாள். சிரப் கழுத்தில் வழிந்தது.

சத்தம் கேட்டு அவர்கள் ஓடி வந்தார்கள். மகன் மலாயில் ஏதோ கத்தினார். அவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட குற்றம்! அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தமிழ் தெரியாதவர்களிடம் தமிழிலேயே சொன்னாள்.

"இது என் மவனுக்குப் போட்ட சோறுன்னா, அவனப் பெத்தவ நான் தின்னுட்டேன். இனிமே இங்க எவனும் வரத் தேவையில்ல. பசிச்சா உசிரோட வந்து என்கிட்ட கேக்கட்டும்."

வீட்டுக்காரம்மாவுக்கு என்ன புரிந்ததோ. மகனை ஒரு கையால் தடுத்தார். அம்மாவுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, சோற்றுப் பானையை இழுத்து, இலையில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார். "மக்கான்," என்றார். சாப்பிடு. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதையும் தின்றாள். பிறகு கிணற்றடிக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

மகன்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். ஆபீசுக்கு வந்த ஒரு கப்பல்காரன் சொன்ன செய்தி. அந்த எண்ணெய்க் கப்பலில், எஞ்சின் ரூமில் வேலை செய்த இந்தியப் பையன், மலாயாக்காரன், ஐஸ் கடலில் விழுந்து போய்விட்டான். பெயர் தெரியவில்லை. எங்களிடம் சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் போகியன்று இலை போடாவிட்டால் அவன் அடுத்த போகி வரை பட்டினியாக அலைவானே என்று வீட்டுக்காரம்மா தூங்கவில்லையாம். அதனால் தங்கள் வீட்டு ஆட்களோடு அவனுக்கும் ஒன்று போட்டுவிட்டார்.

"அந்தக் கப்பல்ல ரெண்டு மலாயாப் பையனுங்க," என்று மலாயில் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. தலையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேர். ஒருவன் செத்தான். ஒருவன் இருக்கிறான். அதன்பின் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அம்மா கோயிலுக்குப் போய்ப் பிள்ளையார் முன்னால் நின்று, பக்கத்தில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல், "அந்தப் பையனா இருக்கட்டும் சாமி, அவனா இருக்கட்டும்," என்றாள். அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயால் சொன்னதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தெரியாததே நல்லது என்றிருந்தது. முகம் தெரிந்துவிட்டால் எப்படிச் சாகச் சொல்வது?

வீட்டுக்காரம்மாவின் மகன் சிங்கப்பூர் ஆபீசுக்கு எழுதிப் பார்த்தார். பதில் வரும் வரும் என்று பார்த்து நாங்கள் இளைத்துப் போனோம். பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. வீட்டுக்காரம்மாதான் முதலில் பார்த்தார். "ஹந்து!" என்று ஒரு கூப்பாடு. பேய் என்று அலறிக்கொண்டு, கையிலிருந்த சுளகை வீசி எறிந்தார். அது அண்ணன் நெஞ்சில் பட்டு, அரிசி எல்லாம் இறைந்தது.

நிஜமாகவே பேய் மாதிரித்தான் இருந்தான். கன்னம் ஒட்டிப்போய், இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருந்தது. அம்மா அரிசியை மிதித்துக்கொண்டு ஓடினாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று பார்த்தால் அவன் முதுகில் நாலு அறை வைத்தாள். "எருமை மாடே! ஐஸு பாத்தியா? நல்லாப் பாத்தியா?" என்று அடிக்கிறாள், அடித்த இடத்தைத் தடவுகிறாள். நான் அரிசியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எத்தனை மாதத்துப் பயம்! உடம்பை விட்டுப் போகும்போதும் நடுக்கிவிட்டுத்தான் போயிற்று.

அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான். அம்மாதான் கேட்டாள்.

"அப்ப... அந்தப் பையன்?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். டவுனுக்கு வெளியே செங்கு என்ற ஊரில் ஒரு கித்தா, ரப்பர்த் தோட்டத்துப் பையன். ஐஸ் பேக்டரியில் கட்டி தூக்கியவன். அண்ணன் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அண்ணனோடு சிங்கப்பூரில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். உண்மை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அண்ணன் காயிதத்தில் அவன் பெயரை எழுதவில்லை, அவனும் கப்பலில் வீட்டு விலாசம் கொடுக்கவில்லை. அதனால் கம்பெனி யாருக்கும் எழுதவில்லை.

"எஞ்சின் ரூமுக்குள்ளயே கெடந்தா ஐஸ எப்பப் பாக்கறதுன்னு நான்தாம்மா மேல கூப்ட்டேன்," என்றான். "தளமெல்லாம் ஐஸு. சிரிச்சிக்கிட்டே வந்தான். வழுக்கிருச்சு."

அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்தேன், பஸ்ஸில் செங்குப் பக்கம் போகாமல் பயந்து நேரே இங்கே வந்துவிட்டேன் என்றான். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை போல அம்மா காலடியில் உட்கார்ந்துவிட்டான். அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தின்னது அந்தப் புள்ள சோறு," என்றாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் செங்குக்குப் பஸ் ஏறினோம். அம்மாதான் கூட்டிப் போனாள், அண்ணனாகப் போயிருக்க மாட்டான். தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றின் வாசலில், அந்தப் பையனின் அம்மா பால் வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வந்துட்டியாய்யா! அவன் எங்க? பின்னால வரானா?" என்று எங்களைத் தாண்டிச் சடக்கில் வருகிற ஆட்களை எட்டிப் பார்த்தார்.

அண்ணன் தலை குனிந்துகொண்டான்.  அந்த அம்மா அதற்குள் எங்களை உள்ளே இழுத்துவிட்டார். அவன் கடைக்குக் கிடைக்குப் போயிருப்பான், அவன் குணம் தெரியாதா, பசியாறிவிட்டுத்தான் பேச்சு என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மூன்று மங்குகளில் சோற்றைப் போட்டு எங்கள் முன்னால் வைத்தார். நாலாவதாக ஒரு மங்கை எடுத்தார். அதில் கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"அவன் வர்றதுக்குள்ள ஆறிடும்," என்று அதைத் தட்டால் மூடினார்.

அண்ணன் தலை குனிந்தே இருந்தது. அம்மாவால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. மூடி வைத்த மங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அந்த அம்மாவின் ஈரக் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, மொதல்ல நீ இப்படி வந்து உக்காரு," என்றாள்.